கல்லில் எழுதிய நேரம்

நேரம் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன், இன்ஸ்பெக்டர். கல்லூரியில் மணி அடித்து ஓய்வதற்குள் வகுப்பில் நிற்பேன். நான் வராந்தாவில் நடந்து வருவதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட ஆசிரியர்கள் உண்டு. பத்து மணிக்கு வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன். நீங்கள் வர பத்தே முக்கால் ஆகிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. உங்கள் ரைட்டர் வாங்கிக் கொடுத்த காபி நன்றாகவே இருந்தது.

ஒரு சின்ன வேண்டுகோள். அந்த உருண்டைக் கறுப்புக் கல்லைக் காகிதங்கள் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துத் தனியாக வையுங்கள். பார்க்க விரல் நீளக் கல்தான். ஆனால் இந்த வழக்கில் உங்களிடம் இருக்கும் ஒரே உருப்படியான சாட்சி அதுதான். அதன் தலையில் கீறிய இரண்டு கோடுகள் இருக்கும். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு நேரம் எழுதியிருக்கும். எழுத்து ராகவனுடையது.

ராகவன் என்றால் ஸ்ரீனிவாசராகவன். நிலவியல் துறையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன், ஸ்ரீரங்கத்துக்காரன். போன வருஷம் பிப்ரவரி மாதம் மதுரை ரோட்டில், எடமலைப்பட்டி புதூர் தாண்டி ஒரு கல்குவாரியில் வெடி வைத்தபோது செத்துப்போனான். விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதி மூடிய கேஸ் அது. இப்போது அவன் மனைவி கமலவல்லி வந்து அழுததும் திறந்திருக்கிறீர்கள். செத்தவனை அவர் இவர் என்று சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாள் எதிர்பார்க்கலாம். எனக்கு வரவில்லை.

அவனை எனக்குப் பிடிக்காது. இதை மறைத்தால் மற்றதை நீங்கள் நம்பமாட்டீர்கள். அதற்காக மதம், சாதி என்று எதையாவது எழுதி வைத்துவிடாதீர்கள். அவன் நாமம் போட்டுக்கொண்டு வந்ததும், நான் மேலப்புதூர் மாதா கோவிலுக்குப் போவதும் இதில் சேராது. அவன் என் தெருவில் பிறந்து, பூசையில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருபத்தைந்து வயதிலிருந்து காவிரியின் இரண்டு கரையையும் நடந்தே அளந்தவன். வடக்கே துறையூர் மலை வரை, தெற்கே மணப்பாறை தாண்டியும் என் கால் படாத பாறை கிடையாது. பாறைகளில் மடிப்பு இருக்கும். புடவையை மடித்தால் மடிப்பு முந்தானை வரை ஓடுமே, அதுபோல வடகரையில் தொடங்கும் மடிப்பு ஆற்றுக்கு அடியில் போய்த் தென்கரையில் ஏறுகிறது. ஆகவே இரண்டு கரையும் ஒரே நிலம், ஆதியிலிருந்தே ஒரே நிலம். இது என் முடிவு. பாடப்புத்தகத்தில் என் வரைபடத்தோடு, என் பெயரோடு இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கென்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு பக்கம்தான்.

ராகவன் நடக்கிற ஆள் இல்லை. ஹைதராபாத்தில் ஒரு ஆய்வகத்தில் பாறைக் காந்த வேலை கற்றுக்கொண்டு வந்தான். விஷயம் சுலபமானது, உங்களுக்கும் புரியும். பூமிக்கு அடியிலிருந்து உருகி வந்த குழம்பு ஆறிக் கல்லாகும்போது, அதில் இருக்கும் இரும்புத் துணுக்குகள் அன்றைக்கு எது வடக்கோ அதைப் பார்த்தபடி உறைந்துவிடும். அதற்குப் பிறகு நிலமே நகர்ந்து திரும்பினாலும் துணுக்குகள் தங்கள் பழைய வடக்கை விடமாட்டா. ஒரே காலத்தில் இறுகிய இரண்டு கல் வேறு வேறு வடக்கைக் காட்டினால், அன்றைக்கு அவை ஒரே நிலத்தில் இல்லை, அல்லது ஏதோ ஒன்று பிறகு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

அவன் இரண்டு கரையிலும் துளை போட்டுக் கல் எடுத்தான். தென்கரைக் கல் வடகரைக் கல்லிலிருந்து பதினேழு பாகை விலகி நிற்கிறது என்றான். தென்கரை நிலம் எங்கோ பிறந்து, திரும்பிக்கொண்டே நகர்ந்து வந்து வடகரையோடு மோதி ஒட்டிக்கொண்டதாம். ஒட்டிய தையலில்தான் காவிரி ஓடுகிறதாம். பிற்காலத்துக் கற்கள் இரண்டு கரையிலும் ஒரே திசையைக் காட்டுவதால், எந்தக் காலத்தில் ஒட்டியது என்பதைக்கூடச் சொல்லிவிடலாமாம்.

"எங்க ஊர் தப்பிச்சுது சார். ரெண்டுக்கும் நடுவுல தீவா நிக்கறது, எந்தக் கரைன்னு யாரும் கேக்க முடியாது" என்று சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான்.

ஒருநாள் துறையில் டீ நேரத்தில், மாணவர்கள் சுற்றி நிற்க, என் வரைபடத்தை மேஜையில் விரித்தான். சவர பிளேடு ஒன்றை எடுத்துக் காவிரியின் மேலேயே வைத்து, கல்லணையிலிருந்து முக்கொம்பு வரை அறுத்தான். தென்பாதியைக் கொஞ்சம் நகர்த்தி, லேசாகத் திருப்பி, மறுபடி வடபாதியோடு சேர்த்தான். "இப்படித்தான் வந்து ஒட்டிண்டிருக்கணும் சார். உங்க மடிப்பு ஒண்ணும் வீணாப் போகலை. ஒண்ணு இல்லை, ரெண்டு மடிப்பு, அவ்வளவுதான்" என்றான். பின்னால் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் அறுத்தது அச்சுப் பிரதிதான், மூலம் என் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஆனால் பிளேடு போன சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் என் அறைக்கு வந்து, "பேப்பர்ல உங்க பேரையும் சேர்த்துடறேன் சார். நீங்க போட்ட மேப் இல்லேன்னா எனக்கு ஆரம்பமே இல்லையே" என்றான். அடித்த கையாலேயே சோறு ஊட்ட வந்தான். ஜூலையில் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. நான் ஓய்வு பெறும் வருஷம். அந்த மேடையில், என்னை முதல் வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு அதைப் படிக்கப்போகிறான். மாலை போட்டு மூக்கறுப்பது என்று இதற்குத்தான் பெயர்.

இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. கல்லில் காந்தம் படிக்கிறவர்கள் கிட்டத்தில் இரும்பை விடமாட்டார்கள். திசைகாட்டி எடுக்குமுன் சாவி, பேனாக்கத்தி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றித் தூரத்தில் ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். ராகவன் இதில் ரொம்ப ஆசாரம். கைக்கடிகாரத்தைக் கழற்றுவான். பூணூலில் முடிந்திருக்கும் பீரோச் சாவியைக்கூட அவிழ்த்துக் கொடுப்பான்.

அந்தக் குவாரியில் கறுப்புப் பட்டைக் கல். இரும்பு அதிகம், திசைகாட்டி சொல்வதை நம்ப முடியாது. அங்கெல்லாம் சூரியனை வைத்துத்தான் வடக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். துளை போட்டதும், கல்லை உடைத்து எடுப்பதற்கு முன், அதன் தலையில் ஒரு குச்சியை நிறுத்தி அதன் நிழல் விழும் கோட்டைக் கீறிக்கொள்வார்கள். அந்த நொடியில் மணி என்ன என்று தெரிந்தால் நிழல் எந்தத் திசை என்று கணக்குப் போட்டுவிடலாம். உச்சிவேளையில் நிழல் வேகமாகத் திரும்பும், நேரம் பிசகினால் வடக்கும் பிசகும். கடிகாரம் கல் பக்கத்தில் இருக்கக் கூடாதே, அதனால் தூரத்தில் நிற்பவர் நேரத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். ராகவன் அதைக் கல்லின் மேலேயே எழுதிவிடுவான். நோட்டு தொலையும், நனையும், கல் எங்கே போகும் என்பான். இன்னொரு கோட்டைக் கல்லில் தொடங்கித் துளைக்கு வெளியே பாறையிலும் நீட்டிக் கீறி வைப்பான். பின்னால் வருகிறவன் சரிபார்க்கட்டும் என்று.

அன்றைக்கு நேரம் சொன்னவன் நான்.

துறைக்கு ஒரே ஜீப். நான் பாறை மடிப்பு பார்க்க, அவன் துளை போட, ஒன்றாகப் போனோம். காலையிலேயே குவாரியின் கொடிக்காரர் ஹனீஃபா எங்களிடம் வந்தார். வெடி வைக்குமுன் சிவப்புக் கொடி பிடித்து விசில் ஊதி ஆட்களை வெளியேற்றுவது அவர் வேலை. "பன்னெண்டரைக்கு வெடிங்க சார். பன்னெண்டே காலுக்கு மேல உள்ள நிக்காதீங்க. நான் விசில் ஊதுவேன், ஆனா உங்க மெஷின் சத்தத்துல கேக்காது" என்றார்.

"நேரம் சார் பாத்துப்பார்" என்றான் ராகவன், என்னைக் காட்டி. கடிகாரத்தையும் சாவியையும் என் கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

காலை முழுக்கச் சரியாகவே வேலை நடந்தது. அவன் "நேரம் சார்?" என்பான், நான் சொல்வேன், எழுதுவான். அந்தக் கற்களை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஒரு நிமிஷம் பிசகியிருக்காது. கடைசியாக நீங்கள் பாரம் வைத்திருந்தீர்களே, அந்தக் கல். நேரம் கேட்டான், சொன்னேன். உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "அப்போ இன்னும் ஒண்ணு போடலாமா சார்?" என்று கேட்டான். போடலாம் என்றேன். அவன் துளை போடும் பெட்ரோல் மெஷினை ஓட்டிக் குனிந்துகொண்டான். நான் சரிவில் ஏறிக் கொடிக்கு வெளியே வந்தேன். ஹனீஃபா என்னிடம் ஒன்று கேட்டார், பதில் சொன்னேன். பிறகு வெடித்தது.

விசாரணையில் ஹனீஃபாவைத் தவிர எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ராகவன் வேலையில் மூழ்கிவிட்டான், கொடிக்காரர் உள்ளே இறங்கிப் பார்க்கவில்லை என்று. ஹனீஃபாவுக்கு வேலை போயிற்று. இப்போது அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லோடு ஏற்றுகிறார் என்று கேள்வி. அவர் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். அது அவர் கடமை. இதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

மாதம் தவறாமல் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். கோபப்பட்டதை, பொறாமைப்பட்டதைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். முழங்காலில் நின்று யோசிக்கும்போது இது என் நினைவுக்கே வரவில்லை.

கடிகாரம் என்னிடமே தங்கிவிட்டது. பதிமூன்றாம் நாள் காரியமெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன். அதுவரை தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுத்தேன். ரேடியோச் செய்திக்கு வைத்துச் சரிபார்த்தேன். நல்ல கடிகாரம், துளி பிசகாது. நின்றுபோன கடிகாரத்தை ஒரு விதவையின் கையில் கொடுப்பது அழகில்லை அல்லவா. ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய் அதையும் பீரோச் சாவியையும் கொடுத்தேன். கமலவல்லி கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டாள். தன் கையில் கட்டியிருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அழுதாள். அழுகை நீண்டுகொண்டே போனதில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

குவாரியிலிருந்து மீட்டு அவளிடம் ஒப்படைத்திருந்த கல் பையை அவளிடமிருந்துதான் வாங்கினேன். அவன் வேலையை நான் முடித்துத் தருகிறேன் என்றேன். நம்பிக் கொடுத்தாள். அன்றைய கற்களின் அடிப்பாகங்களை அறுத்து ஹைதராபாத்துக்கு அனுப்பினேன். முடிவு வந்தது. மற்ற எல்லாக் கல்லும் அவன் சொன்ன மாதிரியே விலகி நின்றன. கடைசிக் கல் மட்டும் பதினேழு பாகை திரும்பி, வடகரைக் கல்லோடு கச்சிதமாகப் பொருந்தியது.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூலப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். மற்றவையெல்லாம் வெயில் மழையில் கிடந்த மேல்பாறை. மின்னல் விழுந்தால்கூட மேல்பாறையின் காந்தம் கெட்டுப்போகும். கடைசிக் கல் மட்டும்தான் புதிதாக வெட்டிய முகத்தில், ஆழத்தில் எடுத்தது. கெடாத சாட்சி அது ஒன்றுதான். இப்படித்தான் எனக்குத் தோன்றியது. நிதானமாக, துறைசார்ந்து யோசித்துத்தான் தோன்றியது.

ஜூலையில் கருத்தரங்கை ராகவன் நினைவாக நடத்தினார்கள். தலைமை நான். "நண்பர் ராகவன் தன் கையால் எழுதி வைத்துவிட்டுப்போன கடைசிக் கல், காவிரியின் இரண்டு கரையும் ஒன்றே என்று சொல்கிறது. கடைசியில் அவரே அவரைத் திருத்திக்கொண்டார்" என்றேன். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் வரிசையில் கமலவல்லி உட்கார்ந்திருந்தாள். அவள் கைதட்டவில்லை. அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் மத்தியானம் துறைக்கு வந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அங்கே ஒரு மேஜை உண்டு. மேல்பாகங்களை அவளிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன். அதில் இந்தக் கல்லைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"இவர் எழுதினதுல ஒரு தப்பு இருக்கு சார். உங்களண்ட கேக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

என்ன தப்பு என்றேன்.

"நீங்க மேடையில சொன்னதுலேர்ந்து மனசு ஆறலை. அவர் ஒரு கல்லைத் தப்பா எடுத்துருப்பார்னு என்னால ஒத்துக்க முடியலை. அதான் நானே போய்ப் பாத்துட்டேன். சிராத்தம் திதிப்படி வேற நாள்ல வரது. நிழலுக்குத் திதி கிடையாதே, அதனால இங்கிலீஷ் தேதிக்குப் போனேன். ஹனீஃபா வந்து எடத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் அதுக்கப்பறம் வெட்டவே இல்லையாம், பாறையில துளையும் கோடும் அப்படியே இருக்கு. கோட்டோட கோடு சேர்த்துக் கல்லை உள்ள வெச்சு, மேல ஒரு ஈர்க்குச்சியை நிறுத்தினேன்."

நான் கல்லைத் திருப்பி அவன் எழுத்தைப் பார்த்தேன்.

"கல்லுல பதினொண்ணு அம்பதுன்னு எழுதியிருக்கு. பதினொண்ணு அம்பதுக்கு நிழல் கோட்டுல விழலை சார். எங்கயோ இருந்தது. அப்பறம் மெள்ள நகர்ந்து நகர்ந்து வந்து கோட்டு மேல சரியா உக்காந்தது. அப்போ மணி பன்னெண்டு இருபது."

கடிகாரம் மெதுவாக ஓடியிருக்கும் என்றேன்.

"இல்லையே சார். நீங்க கொண்டுவந்து குடுத்தப்போ சரியா ஓடிண்டிருந்ததே. அதே கடிகாரத்தைத்தான் கொண்டுபோனேன். கல்லு வெக்கறச்சே கழட்டி ஹனீஃபா கையில குடுத்துட்டேன். அவர்தான் தள்ளி நின்னு நேரம் சொன்னார்." அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அன்னிக்கு இவர் நேரம் கேட்டப்போ நீங்க என்ன சொன்னேள் சார்?"

எனக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். வகுப்பு எதுவும் இல்லை. என் முப்பத்தைந்து வருஷ வேலையை ஒரு துடைப்பக் குச்சியை வைத்து அளந்துவிட்டு வந்து நிற்கிறாள். அவளோடு எனக்கென்ன பேச்சு.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். ராகவன் நேரம் கேட்டபோது மணி பன்னிரண்டு இருபது. பதினொன்று ஐம்பது என்று சொன்னேன். சரிவில் ஏறி வந்தபோது ஹனீஃபா, "உள்ள யாரும் இல்லீங்களே சார்?" என்று கேட்டார். ராகவன் அந்தப் பக்கமாக இறங்கி ஜீப்புக்குப் போய்விட்டார் என்றேன். விசில் சத்தம் கேட்டது, அதன் அடியில் ராகவனின் மெஷின் சத்தமும் லேசாகக் கேட்டது. ஹனீஃபா, "என்னங்க சார் அது, மெஷின் மாதிரி இருக்கு?" என்றார். ரோட்டில் லாரி போகிறது என்றேன். மிச்சமிருந்த சில நிமிஷமும் அவர் பக்கத்திலேயே நின்று கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குவாரிக்காரர்கள் சொன்ன நேரத்துக்குச் சரியாக வெடித்தார்கள். விசாரணையில் ஹனீஃபா இதைச் சொன்னபோது அவர் என்னிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை என்றேன், என்னைத்தான் நம்பினார்கள்.

முன்கூட்டித் திட்டம் போட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் கீழேயிருந்து "நேரம் சார்?" என்று கத்தியபோது, அந்தக் குரலில் அத்தனை நம்பிக்கை இருந்தது. இன்னொரு கல் எடுக்க ஆசைப்பட்டான். அதற்கு அரை மணி நேரம் வேண்டும். நான் கொடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அவன் கேட்காத எதையும் நான் அவனுக்குச் செய்யவில்லை.

சுயநினைவோடுதான் சொல்கிறேன், யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஹனீஃபாவைப் பற்றி ஏதாவது சேர்க்க வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் ஒன்று. கமலவல்லி இந்தக் கல்லை மறுபடி ஹைதராபாத்துக்கு அனுப்பி, பன்னிரண்டு இருபது என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்லப் போகிறாளாம். அப்படிப் போட்டால் கல் பதினேழு பாகை திரும்பி அவன் பக்கம் போய்விடும். என் பக்கம் நிற்க வேறு கல் கிடையாது. அது வழக்குக்குத் தேவையில்லாத வேலை. கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கல்லின் மேல் இருக்கும் நேரத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.